அப்பா கிளைச் செயலாளர், மகள் தேர்தல் கணிப்பு நிருபர் ஆகலாமா?

கேள்வி: "அக்கா, எனக்கு 23 வயசு. திருமங்கலம் பக்கம் கிராமம். மதுரையில பி.எஸ்சி. புள்ளியியல் முடிச்சேன். இப்ப ஒரு சர்வே கம்பெனிக்குத் தினக்கூலியா டேப்லெட் எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போறேன். தேர்தல் கணிப்பு, ஓட்டுக் கணக்கு பத்தி எழுதுற நிருபர் ஆகணும்னு ஆசை. ரெண்டு வாய்ப்பு வந்திருக்கு. ஒண்ணு, சென்னையில ஒரு கட்சிக்கு வியூகம் போட்டுக் கொடுக்குற கம்பெனி, தேர்தல் முடியுற வரைக்கும் கான்ட்ராக்ட், நல்ல சம்பளம். இன்னொண்ணு, மதுரையில ஒரு செய்தித் தளத்துல பயிற்சி நிருபர், சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போயிடும். எதுக்குப் போக? இதழியல் படிக்காம முடியுமா? இந்தக் கணிப்பையெல்லாம் நம்பலாமா? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற தேர்தலை நம்பி ஒரு வேலையா? அப்பா ஒரு கட்சியில கிளைச் செயலாளர், குரூப் 4 எழுதுங்கிறாங்க. தங்கச்சி மாதிரி நினைச்சுச் சொல்லுங்க. பேர் போடாதீங்க."

பேர் போடவில்லை, ஊரையும் திருமங்கலம் பக்கம் என்பதோடு நிறுத்திவிட்டேன். தங்கச்சி என்று நீயே சொன்ன பிறகு 'நீங்கள்' போட்டு எழுதக் கை வரவில்லை, அதனால் நீ, வா, போதான்.

முதலில் அந்த இரண்டு வாய்ப்பு. நிருபர் ஆவதுதான் ஆசை என்றால் மதுரை வேலைக்குப் போ. வியூக கம்பெனிகள் மோசம் என்று இதைச் சொல்லவில்லை. உண்மையில் நல்ல களப்பணி பலநேரம் அங்கேதான் நடக்கிறது, ஏனென்றால் காசு கொடுக்கிற கட்சிக்கு எங்கே தோற்கிறோம் என்பது தெரிந்தாக வேண்டும் (உள்ளே வைத்துக்கொள்கிற நம்பர் வேறு, வெளியே விடுகிற நம்பர் வேறு, அது தனிக் கதை). 2021இல் திமுகவுக்கு ஐபேக் என்ற வியூக நிறுவனம் வேலை பார்த்தது ஊரறிந்த விஷயம், இப்போது பெரிய கட்சிகள் இப்படி ஒரு டீமை வைத்துக்கொள்வது சாதாரணமாகிவிட்டது. ஆனால் அங்கே சேருகிற அன்றைக்கே உன்னிடம் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அப்புறம் நீ பார்த்த ஒரு எண்ணைக்கூட வெளியே எழுத முடியாது. கான்ட்ராக்ட் முடிந்து வெளியே வந்து ஒரு கணிப்பை விமர்சித்து எழுதினால், "அந்தப் பொண்ணு இன்ன கட்சிக்கு வேலை பார்த்ததுதானே" என்று ஒரே வரியில் உன்னை முடித்துவிடுவார்கள், நீ எழுதியது சரியா தப்பா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வீட்டில் கடன் இருக்கிறது, காசு அவசரம் என்றால் போய்விட்டு வா, அதில் அசிங்கம் எதுவும் இல்லை. வெளியே வந்ததும் கொஞ்ச காலம் கட்சி அரசியல் எழுதாமல், மாவட்டச் செய்தி, குடிதண்ணீர், பள்ளிக்கூடம் என்று எழுதிவிட்டு இந்தப் பக்கம் வரலாம். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே இங்கே வேறு பேரில் எழுதுகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது யார் யார் என்று மதுரை பிரஸ் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தினக்கூலி என்று கூச்சப்பட்டு எழுதியிருக்கிறாய். டிவியில் உட்கார்ந்து கணிப்பு பற்றிப் பேசுகிற பலரும் பார்க்காத இடத்தை நீ பார்த்திருக்கிறாய், அந்த டேப்பில் பதில் எப்படி ஏறுகிறது என்பதை. கதவைத் தட்டினால் முதல் கேள்வி நம்முடையதாகவே இருக்காது, அவர்களுடையதாகத்தான் இருக்கும்: "ஆயிரம் ரூவாய்க்கு எழுத வந்திருக்கீங்களா? மருமகளுக்கு இன்னும் வரலம்மா." 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தெருவில் வருகிற ஆளெல்லாம் அரசாங்க ஆள்தான். அரசாங்க ஆள் என்று நினைத்தால் ஆளுங்கட்சியைப் பற்றி உண்மையைச் சொல்வார்களா? இல்லைங்க, நாங்க தனியார் என்று விளக்கினால் அடுத்தது, "அப்ப எந்தக் கட்சி அனுப்புச்சு?" அதையும் தாண்டி உள்ளே போய் வீட்டம்மாவிடம் கேட்டால், திண்ணையிலிருந்து வீட்டுக்காரர் குரல் வரும், "எங்க வீட்டுல எல்லாரும் ஒரே கட்சிதான், அவளுக்கும் அதையே போட்டுக்க." அந்தம்மா உன்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு டேப்பில் ஆப்ஷன் கிடையாது. பணம் பற்றிக் கேட்டாலோ, "பக்கத்துத் தெருவுல குடுத்தாங்களாம், எங்களுக்கு வரல" என்பதுதான் எல்லாத் தெருவிலும் பதில். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் என்று பொருள்படும் 'ஃபார்முலா' என்ற வார்த்தையோடு ஒட்டிக்கொண்ட ஊர்க்காரியான உனக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சாயங்காலக் கதை. சூப்பர்வைசர் போன் போட்டு "இன்னைக்குக் கணக்கு முடிஞ்சுதா" என்பார், கள்ளிக்குடி வெயிலில் அலைந்த ஆள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மீதியை அவரே நிரப்புவார். உன்கூட வருகிறவர்களில் யாராவது செய்வதை நீ பார்த்திருப்பாய், பதில் சொல்ல வேண்டாம். கம்பெனிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் ஜிபிஎஸ் புள்ளி, பேட்டியின் ஆடியோ, ஒரு பேட்டிக்கு எத்தனை நிமிஷம் ஆனது என்பதையெல்லாம் பதிவு செய்கிறார்கள், திரும்பப் போன் போட்டுச் சரிபார்க்கிறார்கள். இருபது நிமிஷக் கேள்வித்தாள் நாலு நிமிஷத்தில் முடிந்திருந்தாலோ, பத்து வீட்டுப் புள்ளியும் ஒரே டீக்கடை மேல் விழுந்தாலோ அது குப்பைக்குப் போக வேண்டும். நாளைக்கு நிருபராக ஒரு கணிப்பு நிறுவனத்தின் ஆளிடம் பேசும்போது "சாம்பிள் எவ்வளவு" என்று எல்லாரும் கேட்பார்கள். "சரிபார்த்ததில் எத்தனை பேட்டியைக் கழித்தீர்கள்" என்று நீ கேள். ஒழுங்காக வேலை செய்த ஆள் உடனே எண் சொல்வார், மற்றவர்கள் சென்னை ஆபீஸைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள்.

நம்பலாமா என்று கேட்டாய். எந்தக் கணிப்பை, எந்தக் கேள்விக்கு என்று பிரித்துக்கொள். கணிப்பை வெளியிடும்போது யார் செய்தது, யார் காசில், எத்தனை பேர், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், பிழை வரம்பு என்ன என்பதையெல்லாம் சேர்த்துப் போட வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலே சொன்ன நெறிமுறை, ஆனால் நம் பக்கத்தில் இதை முழுசாகப் போடுகிற செய்தி அபூர்வம். மாநிலம் முழுக்க 10,000 பேரைக் கேட்டோம் என்பார்கள். பிரமாதம், மாநில அளவில் ஓட்டு சதவீதம் சொல்ல அது போதும். அதை 234ஆல் வகுத்தால் தொகுதிக்கு 43 பேர். அந்த 43 பேரை வைத்து "மதுரை மேற்கில் இன்னார் முன்னிலை" என்று கிராபிக்ஸ் போடுவார்கள். அந்த 43க்குள்ளேயே இன்ன சாதியில் இத்தனை சதவீதம் என்று இன்னொரு கிராபிக்ஸ் வரும், அதை என்னவென்று சொல்வது. 400 பேரைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே ஒரு கட்சியின் ஓட்டில் கூடக் குறைய 5 புள்ளி தள்ளும், 1,000 பேர் என்றால் 3. இரண்டு கட்சிக்கு நடுவில் உள்ள இடைவெளி என்று வந்தால் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நீ படித்த பாடம்தான், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை டீக்கடையில் பேப்பர் படிக்கிறவருக்குப் புரிகிற தமிழில், ஒரு சூத்திரமும் இல்லாமல், நாலு வரியில் எழுதிப் பார். இந்த வேலையில் பாதி அதுதான்.

உன் சொந்தத் தொகுதியையே எடுத்துக்கொள். திருமங்கலம் மதுரை மாவட்டம், ஆனால் நாடாளுமன்றத்துக்கு விருதுநகர். 2024இல் விருதுநகரில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூருக்கும் தேமுதிகவின் விஜயபிரபாகரனுக்கும் நடுவில் 4,379 ஓட்டுதான். ஆயிரத்து ஐநூறுக்கு மேல் பூத் உள்ள தொகுதி, பூத்துக்கு மூன்று ஓட்டுகூட வரவில்லை, சதவீதத்தில் அரைகூட இல்லை. அரை சதவீத வித்தியாசத்தைப் பிடிக்க, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலுமே, அந்த ஒரு தொகுதியில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கேட்க வேண்டும். அதே நாளில் பக்கத்து மதுரையில் மார்க்சிஸ்ட் கட்சியின் சு. வெங்கடேசன் ஜெயித்தது 2,09,409 வித்தியாசத்தில். அந்தத் தொகுதிக்குக் கணிப்பே தேவையில்லை. "கணிப்பு பலித்தது" என்று ஒரு நிறுவனம் விளம்பரம் போட்டால் எந்த மாதிரித் தொகுதிகளில் பலித்தது என்று பார், எல்லாரும் சொல்லக்கூடியதைச் சொல்லியிருந்தால் அதில் என்ன பெருமை.

மதுரைக் கணக்கிலேயே இன்னொரு சங்கதி இருக்கிறது. வெங்கடேசன் 4.30 லட்சம், பாஜகவின் ராம சீனிவாசன் 2.21 லட்சம், அதிமுகவின் சரவணன் 2.05 லட்சம். பின்னால் உள்ள இரண்டையும் கூட்டினால் 4.26 லட்சம், ஜெயித்தவரைக் கிட்டத்தட்ட தொட்டுவிடுகிறது. 2025 ஏப்ரலில் அந்த இரண்டு கட்சியும் மறுபடி கூட்டணி சேர்ந்ததும் இந்த மாதிரிக் கூட்டல் கணக்கு எல்லாப் பக்கமும் ஓடியது. கூட்டல் சரி, முடிவு சரியில்லை. தனியாக நின்றதால் அதிமுகவுக்கு விழுந்த ஓட்டில் ஒரு பகுதி கூட்டணி என்றால் விழாது, பாஜகவுக்கு விழுந்ததும் அப்படித்தான். எத்தனை சதவீதம் விலகும் என்று கால்குலேட்டர் சொல்லாது, அதற்குத்தான் சர்வே. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட சர்வே எது என்று தேடிப்பிடித்து எழுதினாலே அது ஒரு நல்ல செய்தி.

ஓட்டைச் சீட்டாக மாற்றுகிற இடத்தில்தான் நம்மூர்க் கணிப்புகள் விழுகின்றன. 2016ஐப் பார். தேர்தல் நடந்த 232இல் அதிமுக 134, திமுக கூட்டணி 98. கணிப்பு நிறுவனங்களில் ஆக்சிஸ் மை இந்தியா திமுக பக்கத்துக்கு 124 முதல் 140 வரை கொடுத்தது, சி வோட்டர் அதிமுகவுக்கு 139 கொடுத்தது. முடிவு வந்ததும் ஒருவர் ஜோக்கர், இன்னொருவர் மேதை. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மொத்த ஓட்டில் வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். அந்த ஒரு சதவீதம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் எந்த சர்வேயின் பிழை வரம்புக்குள்ளும் அடங்கும். ஆக, சீட்டில் தோற்றவர் ஓட்டில் அவ்வளவு தப்பில்லாமல் இருந்திருக்கலாம், ஜெயித்தவருக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கலாம். 2021இல் வித்தியாசம் ஐந்து, ஆறு சதவீதமாகப் போனது, திசை எல்லாருக்கும் சரியாக வந்தது, ஆனால் ஆக்சிஸ் 175 முதல் 195 என்றது, வந்தது 159. ஏன் என்று தெரிய நம் மாவட்டத்தைப் பார்த்தாலே போதும். மாநிலத்தில் அலை என்று சொன்ன தேர்தலில் மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதி சரிபாதியாகப் பிரிந்தது. மதுரை வடக்கு, தெற்கு, மத்தி, கிழக்கு, சோழவந்தான் திமுக கூட்டணி பக்கம், மேலூர், மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி அதிமுக பக்கம். மாநிலம் முழுக்க ஓட்டு ஒரே சீராக ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் (ஸ்விங்) என்று வைத்துக் கணக்குப் போட்ட மாடலுக்கு இது அகப்படாது. புதுக்கட்சி என்றால் சிக்கல் இன்னும் பெரிசு. "போன தடவை யாருக்குப் போட்டீங்க" என்று கேட்டு அதை வைத்துத்தான் பலர் சாம்பிளைச் சரிக்கட்டுகிறார்கள், போன தடவை இல்லாத கட்சிக்கு எதை வைத்துச் சரிக்கட்டுவது? 2025 ஆகஸ்டில் மதுரை பாரபத்தியில் விஜய் கட்சி மாநாட்டுக்கு வந்த கூட்டத்தை வைத்து ஓட்டு சொன்னவர்கள் உண்டு, அதே கூட்டத்தை வைத்து ஓட்டே இல்லை என்றவர்களும் உண்டு. 2006இல் தேமுதிக முதல் தேர்தலிலேயே 8.38 சதவீதம் வாங்கியது, கிடைத்தது ஒரே சீட். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டிய நிருபர்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? கணிப்பில் ஆரம்பிக்காதே. ஏற்கெனவே எண்ணி முடித்த ஓட்டில் ஆரம்பி. தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதி வாரியாக ஃபார்ம் 20 இருக்கிறது, ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு. திருமங்கலம் 2021ஐ இறக்கு. பிடிஎஃப்பாக வரும், ஸ்கேன் கொஞ்சம் சாய்ந்திருக்கும், 3ஆ 8ஆ என்று சில இடத்தில் கண்ணை இடுக்க வேண்டியிருக்கும். சாஃப்ட்வேரில் மாற்றலாம், ஆனால் முதல் தொகுதியைக் கையால் அடி. அடிக்கும்போதுதான் தெரியும், ஒரு வரிசையில் வேட்பாளர் ஓட்டுகளைக் கூட்டினால் பக்கத்தில் போட்டிருக்கிற மொத்தம் வராது, நோட்டாவைச் சேர்த்தார்களா விட்டார்களா என்று பார்ப்பாய், கடைசிப் பக்கத்தில் தபால் ஓட்டு தனியாக நிற்கும், அதைச் சேர்க்காமல் மார்ஜின் சொன்னால் அறிவித்த முடிவோடு இடிக்கும். இந்த இடிப்புகளையெல்லாம் ஒரு தடவை கையால் தீர்த்தவளை அப்புறம் எந்தக் கட்சியின் ஐ.டி. விங்கும் ஏமாற்ற முடியாது.

அப்புறம் 2016 ஷீட்டைப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். அங்கேதான் பள்ளம். 2016இன் 143ஆம் பூத்தும் 2021இன் 143ஆம் பூத்தும் ஒரே பூத்தாக இருக்க வேண்டியதில்லை, வாக்காளர் எண்ணிக்கை கூடினால் பிரிப்பார்கள், எண் தள்ளிப் போகும். பூத்துக்கு 1,500 பேர் வரை என்றிருந்ததை 2025இல் 1,200ஆகக் குறைத்துவிட்டார்கள், அதனால் இனி இன்னும் தள்ளும். பள்ளிக்கூடத்தின் பேரையும் தெருப் பட்டியலையும் வைத்துத்தான் பொருத்த முடியும். இன்னும் பின்னால் 2006க்குப் போனால் தொகுதியே மாறிவிடும், சேடபட்டி, சமயநல்லூர் என்றெல்லாம் இருக்கும், 2008 மறுவரையறையில் அவை காணாமல் போயின. வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஆகஸ்டில் நடந்ததே போதும். நாட்டிலேயே மதிப்புள்ள ஒரு தேர்தல் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர், மகாராஷ்டிரத் தொகுதிகள் சிலவற்றில் வாக்காளர் எண்ணிக்கை தலைகீழாக மாறியதாகப் பதிவு போட்டார், வரிசை மாறிப் படித்துவிட்டார்கள், இரண்டு நாளில் நீக்கி மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் விஷயம் போலீஸ் வழக்கு வரை போனது. அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி என்றால் பயிற்சி நிருபருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள். இரண்டு ஷீட்டை ஒட்டினால் நாலைந்து வரிசையையாவது மூலத்தில் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும்.

பூத் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒரு பத்தி இருக்கிறது: அனைத்து வாக்காளர்கள், ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும். நம் மாநிலத்தில் பல இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பூத். ஒரே பள்ளிக்கூடம், ஒரே தெருக்கள், பக்கத்துப் பக்கத்து அறை, ஒன்றில் ஆண்கள் ஓட்டு, இன்னொன்றில் பெண்கள் ஓட்டு. திண்ணையிலிருந்து குரல் கொடுத்தாரே ஒரு வீட்டுக்காரர், அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க எந்த சர்வேயும் வேண்டாம், அந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்தால் போதும். "பெண்கள் ஓட்டு யாருக்கு" என்று ஒவ்வொரு தேர்தலிலும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இந்தப் பத்தியைத் திறந்து பார்த்து எழுதியவர்கள் குறைச்சல். உனக்கு முதல் நல்ல கட்டுரை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு எச்சரிக்கை. பூத் வாரியாக ஓட்டு தெரிவதால், சின்னக் கிராமத்தில் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பதும் தெரிந்துவிடும். எந்தத் தெரு என்றால் நம்மூரில் எந்தச் சாதி என்று பொருள். பல பூத் ஓட்டைக் கலந்து எண்ணுகிற 'டோட்டலைசர்' முறையைத் தேர்தல் ஆணையமே கேட்டும் வரவில்லை. ஆகவே நகரத்து வார்டுகளை பூத் பூத்தாக எழுது, நூறு வீட்டுக் காலனியை அப்படி எழுதாதே, ஒன்றியமாகச் சேர்த்துச் சொல். சட்டப்படி தடை ஒன்றும் இல்லை, இது என் கறார்.

பட்டியல் மாறிய பிறகு எல்லாரும் சறுக்குகிற இடம் வாக்குப்பதிவு சதவீதம். வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பேர் குறைந்தார்கள், 6.41 கோடி 5.43 கோடி ஆனது. இறுதிப் பட்டியலில் சேர்ப்பு, நீக்கம் எல்லாம் உண்டு, அதை விடு. ஒரு பேச்சுக்கு 4.6 கோடிப் பேர் ஓட்டுப் போட்டார்கள் என்று வை. பழைய பட்டியலுக்கு அது 72 சதவீதம், வரைவுப் பட்டியலுக்கு 85. ஒரு ஆள் கூடவில்லை, ஆனால் "வரலாறு காணாத வாக்குப்பதிவு, ஆட்சி மாற்றத்தின் அறிகுறி" என்று தலைப்பு வரும். நீ ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கையை எடுத்து எழுது. அன்றைக்குச் சாயங்காலம் வருகிற சதவீதத்தையும் நம்பி ஓடாதே. 2024 ஏப்ரல் 19இல் ஏழு மணிவாக்கில் மாநிலத்துக்கு 72.09 என்றார்கள், அப்புறம் 69.46 ஆனது. அதற்கு முந்தின 2019இல் மதுரைக்கு மட்டும் சித்திரைத் தேரோட்ட நாளில் தேர்தல் வந்ததால் ராத்திரி எட்டு மணி வரை பதிவு நடந்தது, இந்த விவரம் தெரியாமல் மணி வாரியாக 2019ஐயும் 2024ஐயும் ஒப்பிட்டால் என்ன வரும்? சென்னையில் இருந்து எழுதுகிறவருக்கு இது ஞாபகம் இருக்காது, உனக்கு இருக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள், ஏனென்றால் கணிப்பு எண்கள் உன் போனுக்கு வர ஆரம்பிக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ, வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் (ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் எடுக்கிற கணிப்பு) எதையும் எந்த வழியிலும் வெளியிடக் கூடாது, மீறினால் இரண்டு வருஷம் வரை ஜெயில். எந்த வழியிலும் என்றால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும்தான். 2024இல் நமக்கு ஏப்ரல் 19இல் ஓட்டு முடிந்தும் ஜூன் 1 சாயங்காலம் வரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம். தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்புக்கு, வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தடை.

படிப்பு. இதழியல் பட்டம் இல்லாமல் தாராளமாக முடியும், உன் புள்ளியியல் பட்டம் இந்த வேலைக்கு அதைவிட மதிப்பு. ஆசையாக இருந்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது, வீட்டில் இருந்து போய் வரலாம். சென்னை தனியார் இதழியல் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போ என்று நான் சொல்ல மாட்டேன், உதவித்தொகை கிடைத்தால் யோசி. எக்செல்லில் பிவட் டேபிள் தண்ணீராக வர வேண்டும், அப்புறம் ஆர் அல்லது பைத்தான் என்ற கணினி மொழிகளில் ஏதாவது ஒன்று, வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் இலவசம். பழைய அரசு ஆவணங்கள் பாமினி மாதிரி எழுத்துருவில் இருக்கும், யூனிகோடுக்கு மாற்றக் கற்றுக்கொள். இதையெல்லாம்விட முக்கியம், முதல் இரண்டு வருஷம் எல்லாச் செய்திக்கும் போ. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவோடு நிற்கிற வரிசையில் பேச்சுக் கொடுக்கத் தெரியாதவருக்கு எத்தனை டேட்டா தெரிந்தும் பிரயோஜனமில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை என்கிறாய். சட்டமன்றம், நாடாளுமன்றம், மாநகராட்சி, ஊராட்சி, நடுவில் இடைத்தேர்தல், உனக்கு ஓய்வுதான் கிடைக்காது. உள்ளாட்சி தனி உலகம், அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், மதுரை மாநகராட்சியின் 100 வார்டும் சட்டமன்ற பூத்களோடு ஒழுங்காகப் பொருந்தாது, அதைப் பொருத்தி வைத்திருக்கிற ஆளை எல்லாப் பத்திரிகையும் தேடி வரும். தேர்தல் இல்லாத மாதங்களில் இதே கையால் பட்ஜெட், பிளஸ் டூ ரிசல்ட், ரேஷன், வைகை அணை நீர்மட்டம் என்று செய்யலாம். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், அதை மறைக்க மாட்டேன். குரூப் 4ம் எழுது, அப்பாவுக்கும் நிம்மதி, அந்தத் திறனறிவுப் பகுதியெல்லாம் உனக்குத் தூசி.

கடைசியாக அப்பா. சேருகிற முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடு, வாயால் சொல்லாதே, மெயிலில் சொல்: அப்பா இன்ன கட்சியில் கிளைச் செயலாளர், எங்கள் ஒன்றியத்தின் கட்சிச் செய்திகளை எனக்குத் தர வேண்டாம். நீ சொல்லாமல் வேறு யாராவது கண்டுபிடித்துப் போட்டால் அது செய்தி, நீயே சொல்லிவிட்டால் அது தகவல். வீட்டில் பேசிக்கொள்கிற கட்சி விஷயம் உன் செய்தியில் வரக் கூடாது, உன் ஆபீஸுக்கு வருகிற கணிப்பு எண் அப்பா காதுக்குப் போகக் கூடாது, இரண்டாவதுதான் கஷ்டம், சாப்பிட உட்காரும்போது கேட்பார்.

ஆனால் அவரை விட்டுவிடாதே. பூத் ஏஜென்டாக உட்கார்ந்த ஆளாகத்தான் இருப்பார். நீ அடித்த ஷீட்டில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பூத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார். எண்ணைக் காட்டுவதற்கு முன்னால் அவருடைய கட்சிக்கு எவ்வளவு, எதிர்க்கட்சிக்கு எவ்வளவு என்று அவர் வாயால் சொல்லச் சொல், எழுதிக்கொள், அப்புறம் ஷீட்டைக் காட்டு. எங்கே சரியாகச் சொன்னார், எங்கே தப்பினார், ஏன் என்று கேள். எந்தத் தெரு எப்போது கட்சி மாறியது, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசுவதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல அந்த வரிசைக்கு எதிரே குறித்துக்கொண்டே வா, இது உன் சொந்தக் குறிப்புக்குத்தான், வெளியிட அல்ல. முடித்ததும் ஆண் பூத், பெண் பூத் பிரித்த பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்பு, கட்டுரை தேறுமா என்று பார்த்துச் சொல்கிறேன். எக்செல்லாக அனுப்பு, ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பாதே.